பூப்பெட்டிக்குள் வைத்த மருந்து

அம்மா செத்ததற்கு நானும் ஒரு காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்லி, அதற்கு நான் தலையைக் குனிந்து நிற்க வேண்டாம். ஆனால் நான் மட்டும் காரணம் இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் வாசலில் நானும் அம்மாவும் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தோம். கோயில் கொடுத்த வேலை இல்லை. மதில் ஓரமாக ஒரு நீலத் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்திருப்போம். உள்ளே போகிறவர்கள் எங்களிடம் செருப்பை விட்டுப் போவார்கள், வரும்போது இஷ்டப்பட்டதைக் கொடுப்பார்கள். ராத்திரி நடை சாத்திய பிறகு அதே தார்ப்பாய்தான் எங்கள் வீடு. முன்னே அம்மா ஒரு நெசவுக்காரர் வீட்டில் பட்டு நூல் இழைத்துக் கொடுத்தாள். அவர்கள் பின்கட்டிலேயே குடியிருந்தோம். அப்பா அங்கேதான் இறந்துபோனார். அப்புறம் அந்த வீட்டை இடித்து மாடி கட்டினார்கள். பின்கட்டு போனது, நாங்களும் வெளியே வந்தோம். ஆறாவதோடு என் படிப்பும் நின்றது. அதிலிருந்து மதில்தான்.

அம்மா யாருக்கும் டோக்கன் கொடுக்க மாட்டாள். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் வேன் வேனாக முதலில் கோயிலுக்குத்தான் வருவார்கள். ஒரே நேரத்தில் இருபது ஜோடி, முப்பது ஜோடி சேரும். திரும்பி வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பாள், சரியான ஜோடியைக் காலுக்கு நேராகத் தள்ளி வைப்பாள். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு.

ஒருநாள் தப்பியது. ஒரு கம்பெனி பஸ்ஸில் வந்தவருக்கு வேறு யாருடைய ஷூவையோ வைத்துவிட்டாள். கண் பொட்டையா என்று கேட்டுவிட்டு அவர் போனார். அடுத்த வாரம் இரண்டு தடவை தப்பியது. ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி எல்லார் முகமும் இருக்கிறது என்று அப்போதுதான் என்னிடம் சொன்னாள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்குப் போக வேண்டும். கட்டணக் கழிப்பறையைச் சாயந்திரமே பூட்டிவிடுவார்கள். அதனால் தாகத்தை அடக்கப் பார்த்தாள். எங்களுக்குப் பக்கத்தில் பூ விற்கிற அக்காதான், இது சர்க்கரை வியாதி மாதிரி இருக்கிறது, போய்க் காட்டுங்கள் என்று விரட்டினாள்.

ஆஸ்பத்திரியில் புறநோயாளி பார்ப்பது காலையில். கோயிலில் கூட்டம் இருப்பதும் காலையில். பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் அன்னதானம். அதுதான் எங்களுக்கு அந்த நாளின் சாப்பாடு. பதினோரு மணிக்கே வரிசையில் நிற்காவிட்டால் கிடைக்காது. ஆக, ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலையும் போகும், சாப்பாடும் போகும். ஆஸ்பத்திரி இலவசம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். யாருக்கு இலவசம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சீட்டு போடுகிறவர் பேர் கேட்டார், வயசு கேட்டார், அட்ரஸ் கேட்டார்.

"கோயில் மதிலு சார். செருப்பு வெக்கிற எடம்" என்றாள் அம்மா.

"சாமி அட்ரஸ் உனுக்கு எதுக்கும்மா? உன் அட்ரஸ் சொல்லு."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிரித்துவிட்டு, இடித்துப்போட்ட அந்தப் பழைய வீட்டின் கதவு எண்ணைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். பொய்யைச் சொன்னதும் வேலை நடந்தது. அன்றைக்கு அம்மா கற்றுக்கொண்டது அதைத்தான், நானும்தான்.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிறு எங்களிடம் எப்போதும் ரெடியாக இருக்கும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். நாங்கள் சாப்பிடுவதே பன்னிரண்டு மணிக்கு. அதற்குள் ரத்தம் எடுக்கிற அறையைப் பூட்டிவிடுவார்கள். அம்மா டீக்கடையில் ஒரு பன் வாங்கித் தின்றுவிட்டு ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அன்னதானம் போனது. அடுத்த தடவைகளில் அவள் அந்த இரண்டாவது ரத்தத்துக்கு நிற்கவில்லை. ஒத்துழைக்கவில்லை என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

சர்க்கரை மிக அதிகம், மாத்திரை போதாது, இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். ஒரு நர்ஸ் பொறுமையாக எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். எப்படி உருட்டிக் கலக்குவது, எத்தனை கோடு இழுப்பது, வயிற்றில் எங்கே குத்துவது எல்லாம் சொன்னார். நல்ல மனுஷி. அப்புறம் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் போனோம். அங்கே இருந்தவர் சின்ன பாட்டிலைக் கம்பிக்கு வெளியே நீட்டினார்.

"ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கோ. ஜில்லுனு இருக்கணும், வெயில் படக்கூடாது. அடுத்தது யாரு?"

"சரி சார்" என்றாள் அம்மா.

நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். எங்களைப் போன்றவர்களுக்குச் சரி என்று சொல்லித்தான் பழக்கம். போலீஸ் எழுந்துபோ என்றால் சரி. கோயில்காரர் தள்ளி உட்கார் என்றால் சரி. ஃப்ரிட்ஜ் இல்லை என்று சொன்னால் மருந்தே இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். பின்னால் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் இதை எங்கே வைப்பது என்று இருவரும் நின்றோம். கூல்ட்ரிங்ஸ் கடைக்காரரைக் கேட்டோம். இரண்டு நாள் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவர் சம்சாரம் பார்த்துவிட்டு, நோய்க்காரி மருந்தைக் கலருக்குப் பக்கத்தில் வைத்தால் யார் வாங்கிக் குடிப்பார்கள் என்று சண்டை போட்டதாம். எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

அப்போது பூக்கார அக்காதான் கூப்பிட்டாள். அவளிடம் ஒரு தெர்மகோல் பெட்டி இருக்கிறது. தினமும் ஐஸ் வாங்கி, இன்னும் ஜில்லென்று இருக்க உப்பும் தூவி அடியில் கொட்டி, மேலே ஈரத்துணி விரித்து, அதன்மேல் மல்லியை வைப்பாள். மீந்த பூ மறுநாள்வரை வாடாமல் இருக்கும்.

"குடும்மா இப்டி. சாமிக்குப் போற பூவோட உங்கம்மா மருந்தும் இருந்துட்டுப் போவட்டும். மணக்க மணக்க ஊசி போட்டுக்கலாம்" என்றாள். அம்மா ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

அக்கா பாட்டிலைப் பூவுக்கு நடுவில்தான் வைத்தாள். நான்தான் கையை விட்டு, துணியை விலக்கி, ஐஸுக்கு அடியில் புதைத்தேன். ஜில்லென்று இருக்க வேண்டும் என்று அவர் சொன்னாரே. எவ்வளவு ஜில்லோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். காலையில் எடுத்தால் பாட்டில் கல் மாதிரி இருக்கும். எனக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறவர்கள்கூட இவ்வளவு பத்திரமாக வைக்க மாட்டார்கள் என்று அம்மாவிடம் பெருமை பேசினேன். கையில் வைத்து உருக்குவேன். உள்ளே பால் திரிந்த மாதிரி துண்டு துண்டாக மிதக்கும். அது கரைகிறவரை உருட்டி, கோடு பார்த்து இழுத்து, கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுக் குத்துவேன்.

ஒருநாள்கூட விட்டதில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

நடுவில் ஒரு தடவை ரோந்து வந்த போலீஸ்காரர் ஊசிகளைப் பார்த்துவிட்டு, போதை ஊசியா என்று பையையே சாக்கடையில் கொட்டினார். ஆஸ்பத்திரி நோட்டைக் காட்டினோம். அட்ரஸைப் பார்த்தார். வீடு இருக்கும்போது இங்கே ஏன் படுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அன்றைய செருப்புக் காசில் மருந்துக்கடையில் வேறு ஊசி வாங்கினேன்.

மாதம் ஒருமுறை ஒரு அக்கா தோளில் பையோடு அந்தத் தெருவுக்கு வருவார். வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை. எங்கள் தார்ப்பாயைத் தாண்டித்தான் எதிர்வீட்டுப் படி ஏறுவார். எங்கள் அம்மாவுக்கும் பார்க்கச் சொல்லி ஒருநாள் வழிமறித்துக் கேட்டேன். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. டோர் நம்பர் இல்லாமல் ஃபோனில் ஏற்ற முடியாது, நான் என்ன பண்ணட்டும் என்றார். வீட்டுக்கே வந்து பார்க்கிறார்களாம். வீடு இல்லாதவர்களை யார் வந்து பார்ப்பது? அவர் கையில் இருந்த அந்தச் சின்ன மிஷினில் ஒரு சொட்டு ரத்தம் வைத்திருந்தால், சர்க்கரை இறங்கவே இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை முன்பைவிட ஏறியிருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர். தலையை நிமிர்த்தாமலே, ஊசி போடுவதில்லையா என்று கேட்டார். தினமும் போடுகிறோம் என்றேன். அப்படியானால் கோயிலில் சர்க்கரைப் பொங்கலை ஒரு கட்டு கட்டுகிறாள் போலிருக்கிறது என்றார். அம்மா அன்றிலிருந்து அன்னதானத்தில் பாயசம் போட்டால் இலையை மூடிக்கொள்வாள். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். நான் கூட்டிப் போட்டேன். செத்துப்போன மருந்தைக் கூடுதலாகப் போட்டேன்.

அதற்கு அடுத்த மாதமும் அதே கதை. இந்தத் தடவை நோட்டில் என்னவோ இங்கிலீஷில் எழுதினார். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் என்று பிற்பாடு தெரிந்தது.

திருவிழா சமயத்தில் கூட்டம் அதிகம். கொதிக்கிற கல்தரையில் அம்மா வெறுங்காலோடு ஓடி ஓடிச் செருப்பு எடுத்துக் கொடுத்தாள். நூறு ஜோடி செருப்பு எங்களைச் சுற்றிக் கிடந்தது. அவள் கால் கொப்பளித்தது அவளுக்கே தெரியவில்லை. சர்க்கரை அதிகமானால் காலில் உணர்ச்சி போய்விடுமாம். கட்டைவிரலுக்கு அடியில் புண்ணானது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். காலைத் தரையில் வைக்கக்கூடாது, ஈரம் படக்கூடாது, தூசி படக்கூடாது என்றார்கள். மழை நாளில் மதில் ஓரத்தில் படுத்திருக்கிறவள் காலை எங்கே வைப்பாள்? அம்மா அதற்கும் சரி என்றாள்.

ஒரு காலையில் எழுப்பினேன், எழவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், கோயில் வாசல் என்றதும் வந்துவிட்டார்கள். வார்டில் சேர்த்தார்கள். காலை எடுக்க வேண்டியிருக்கும், விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, அது இறங்கினால்தான் அறுக்க முடியும் என்றார்கள்.

இரண்டாவது நாள் மத்தியானம், அந்த வார்டு நர்ஸ் என்னிடம் எந்த இன்சுலின் போடுகிறாய், காட்டு என்று கேட்டார். பூக்கார அக்கா பெட்டியிலிருந்து எடுத்து வந்து பையில் வைத்திருந்தேன். கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குலுக்கினார். மறுபடி பார்த்தார்.

"இத எங்கம்மா வெச்சிருந்த?"

"ஐஸ்லக்கா. அடியில வெச்சிருந்தேன். ஒருநாளும் வெயில்ல வெச்சதில்ல."

அவர் பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். ஒருமுறை உறைந்தாலே போச்சு, அப்புறம் தண்ணீரைப் போட்டுக்கொண்ட மாதிரிதான். ஐஸில் வைத்ததற்கு, நிழலில் சும்மா வைத்திருந்தாலே ஒரு மாசம் ஓரளவு தாங்கியிருக்கும்.

"ஃப்ரிட்ஜ் இல்லன்னா ஒரு மண்பானை போதும்மா. பானையில கொஞ்சம் தண்ணி ஊத்தி, ஒரு டப்பாவுல போட்டு அதுல வெச்சா போதும். யாரும் சொல்லலியா?"

மண்பானை. கோயில் வாசலில் தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது. வருகிற ஜனங்கள் குடிக்க ஈர மணல்மேல் இரண்டு பெரிய பானைகள் வைத்திருப்பார்கள். அம்மா தாகம் தாகமென்று அதிலிருந்துதான் குடித்தாள். நாங்கள் தலை வைத்துப் படுக்கிற இடத்திலிருந்து கையை நீட்டினால் அந்தப் பானை எட்டும். அத்தனை மாதமும் எட்டும்.

யாரும் சொல்லவில்லை. ஜன்னல்காரர் சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை. பொய் சொல்கிறார்கள் என்று எழுதத் தெரிந்தவருக்கு, மருந்தைக் கொண்டுவந்து காட்டு என்று கேட்கத் தெரியவில்லை. படித்தவர்கள். மூன்று மாதம் ஊசி போட்டும் சர்க்கரை ஏறுகிறது என்றால், மருந்தில் என்னவோ கோளாறு என்று ஒரு தடவை தோன்றக்கூடாதா? தெருவில் இருக்கிறவள் என்றால் பொய்தான் முதலில் தோன்றுகிறது. அந்த டாக்டர் வீட்டு அம்மாவாக இருந்தால் தோன்றுமா?

அம்மா கண்ணை மூடியிருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நர்ஸ் போன பிறகு என் கையைத் தொட்டாள். நான் ஐஸுக்கு அடியில் புதைத்ததைச் சொல்லி அழுதேன்.

"நீ இன்னா பண்ணுவ. ஃப்ரிட்ஜ் இருக்குதான்னு அவங்க கேக்கல" என்றாள். என் கையை விடாமலே, "கேட்டிருந்தாலும் இருக்குதுன்னுதான் சொல்லியிருப்பேன். அத்தன பேர் முன்னாடி இல்லன்னு எப்டி சொல்றது" என்றாள்.

மறுநாள் மத்தியானம் செத்துப்போனாள். கால் அவளோடுதான் போனது.

இறப்புச் சான்றிதழுக்கும் அட்ரஸ் கேட்டார்கள். கோயில் மதில் என்றேன். அப்படி எழுத முடியாது என்றார்கள். நான் சரி சொல்லவில்லை. பேசாமல் அங்கேயே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து, அலுத்துப்போய் நோட்டில் இருந்த பழைய அட்ரஸையே அவர்களாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். இல்லாத ஒரு வீட்டில் எங்கள் அம்மா வாழ்ந்தாள் என்று அரசாங்கக் காகிதம் சொல்கிறது.

இப்போதும் நான் அதே இடத்தில்தான் செருப்பு பார்க்கிறேன். டோக்கன் கொடுக்கிறேன், எனக்கு அம்மாவின் ஞாபகசக்தி இல்லை. படுக்கை மட்டும் பூக்கார அக்கா வீட்டு மாடிப்படிக்கு அடியில். அக்கா அந்தத் தெர்மகோல் பெட்டியைப் பார்த்தாலே கண் கலங்கிவிடுகிறாள். நீ பூவுக்குள்தானே வைத்தாய், நான்தான் புதைத்தேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

பிரிக்காத ஊசிகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. யாருக்காவது உதவும் என்று போன மாதம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். அதே ஜன்னல், அதே ஆள். எனக்கு முன்னால் ஒரு வயசானவர் நின்றிருந்தார். அவரை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பின்பக்கம் டிக்கெட் அறைச் சுவர் ஓரமாகப் படுக்கிறவர். ஆனால் அன்றைக்குச் சட்டையை நன்றாகத் துவைத்துப் போட்டு, தலை வாரி, விபூதி வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஜன்னல்காரர் சின்ன பாட்டிலை நீட்டினார். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார்.

"சரி சார்" என்றார் பெரியவர்.

அந்தச் சரி எனக்குத் தெரிந்த சரி.

"ஃப்ரிட்ஜ் இருக்குதான்னு கேளுங்க சார் மொதல்ல" என்றேன்.

ஜன்னல்காரர் நிமிர்ந்து பார்த்தார். "நீ யாரும்மா நடுவுல?"

"இதே ஜன்னல்ல எங்கம்மாவுக்குக் குடுத்தீங்க. ஐஸ்ல வெச்சு செத்துட்டாங்க. ஐஸ்ல வெக்காதேன்னு ஒரு வார்த்த சொல்ல எவ்ளோ நேரம் ஆவும் சார்?"

பின்னால் ஒரு பெண், சீக்கிரம் ஆகட்டும், எனக்கு பஸ் போய்விடும் என்றாள். ஜன்னல்காரர் எனக்கு அடுத்தவரைக் கூப்பிட்டார்; ஊசிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான்.

பெரியவர் வெளியே வந்து என்மேல் கோபப்பட்டார். அத்தனை பேர் எதிரில் தன்னை இல்லாதவன் ஆக்கிவிட்டேன் என்றார். தனக்கு வீடு இருக்கிறது, ஃப்ரிட்ஜும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். எனக்கு அம்மா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அவர் தப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் நடை சாத்தியதும், மூடியோடு ஒரு சின்ன மண்பானை வாங்கி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். இந்தப் பானையை ஆஸ்பத்திரியே கொடுக்கலாமே. கொடுக்க வேண்டாம், சொல்லவாவது செய்யலாமே. செருப்பு பார்க்கிற நான் எத்தனை பேருக்குப் பானை தூக்கிக்கொண்டு அலைவது?

அவர் சுவர் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பானையையும் மிச்சமிருந்த ஊசிகளையும் வைத்தேன். மருந்தை டப்பாவில் போட்டு இதில் வைக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும், யார் சொன்னாலும் ஐஸில் மட்டும் வைக்கக்கூடாது என்றேன்.

பானையைத் தொட்டுப் பார்த்தார். மடியிலிருந்து ஒரு கைக்குட்டை மூட்டையை அவிழ்த்தார். அதற்குள் அந்தப் பாட்டில் இருந்தது, வெயிலில் சூடேறி.

"வீட்ல கொண்டுபோய் வெச்சுக்கறேம்மா" என்றார்.

சொல்லிக்கொண்டே பாட்டிலை டப்பாவில் போட்டு, பானைக்குள் இறக்கி, மூடி, தலைமாட்டில் சுவரோடு ஒட்டி வைத்தார்.